அம்மா ரொமினாவிடம் சொன்னது

"ரொமினா வரலையா?"

வியாழக்கிழமை சாயங்காலம் பங்குக் கோயில் மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்கிற ஒவ்வொருவரும் முதலில் கேட்டது இதைத்தான். வாசலில் நின்று அவர்களை வரவேற்றவள் நெரெய்தா. நாற்காலிகளை இழுத்துப் போட்டவள் அவள். பெரிய பானையில் காபி வைத்தவள் அவள். ரொட்டிக் கடைக்காரரிடம் நயமாகப் பேசி, மீந்த இனிப்பு ரொட்டிகளைக் கூடையில் வாங்கி வந்தவளும் அவள்தான். ஆனால் வயலிலிருந்து நேரே வந்து, முகத்தைச் சுற்றிக் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டே நுழைகிற பெண்கள், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு அதையே கேட்டார்கள்.

"வந்துட்டிருக்கா," என்பாள் நெரெய்தா. பல்லைக் கடிப்பது வெளியே தெரியாமல் சிரிக்கப் பழகியிருந்தாள்.

இந்த வகுப்பே அவள் யோசனை. அவள் இதே ஊரில், கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் பிறந்தவள். அம்மா அம்பாரோ வயசுப் பெண்ணாக மெக்சிகோவின் மிச்சோவாகானிலிருந்து வந்து, அன்று தொட்டு ஸ்ட்ராபெரி வயலில் குனிந்தவள், இன்னும் நிமிரவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அம்மாவும் மகளும் மட்டும்தான் வீடு. நெரெய்தா படித்து, மலைமேல் இருக்கும் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகள் முதுகலையில் சேர்ந்தாள். வயல்காட்டு ஊர்களுக்குப் போய், அந்த ஜனங்களின் உரிமைகளை அவர்கள் மொழியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேராசிரியர் அர்ரியாகாவிடம் நடையாய் நடந்து சம்மதம் வாங்கினாள்.

ஆரம்பத்தில் அவள் தனியாகத்தான் நடத்தினாள். சுவரில் படம் காட்டி, சட்டப் பிரிவுகளை ஒவ்வொன்றாக விளக்கினாள். மருந்தடித்த வயலில் உடனே இறங்கச் சொன்னால் மறுக்கலாம். தண்ணீரும் கழிப்பறையும் கேட்டு வாங்கலாம். கங்காணி கை வைத்தால் புகார் கொடுக்கலாம், குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் விடியுமுன் எழுந்து நாளெல்லாம் குனிந்து பறித்தவர்களுக்கு விளக்கை அணைத்ததுமே கண் சொருகியது. வந்தவர்களில் பாதிப் பேர் ரொட்டிக்காக வந்தவர்கள், மீதிப் பேர் அம்பாரோவின் முகத்துக்காக வந்தவர்கள்.

போதாக்குறைக்கு அவளுடைய ஸ்பானிஷ். வீட்டில் பேசி வளர்ந்த மொழிதான், பள்ளிக்கூடமெல்லாம் ஆங்கிலம். ஒருநாள் 'உங்களையெல்லாம் பார்க்க எனக்கு உற்சாகமா இருக்கு' என்று சொல்லப் போய், ஆங்கிலச் சொல்லையே ஸ்பானிஷாக வளைத்துச் சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லுக்கு ஸ்பானிஷில் படுக்கையறை அர்த்தம். அம்மாவின் சிநேகிதி தோமாசா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அதுக்கு நாங்க என்னடி பண்ண முடியும், மிஹா? சாமியாரக் கூப்பிட்டுச் சொல்லு, கல்யாணம் பண்ணி வைப்பாரு!"

'மிஹா' என்றால் மகளே என்று அர்த்தம். தோமாசா ஊரிலிருக்கிற அத்தனை பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவாள். பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்காதவள் ஒருத்திதான், அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரொமினா. அவள் எழுந்து, பேச்சோடு பேச்சாகச் சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தாள். சிரித்தவர்களை நெரெய்தாவால் மன்னிக்க முடிந்தது. எடுத்துக் கொடுத்தவளை மன்னிக்க முடியவில்லை.

ரொமினா அர்ஜென்டினாக்காரி. மாணவர் விசாவில் வந்து, பல்கலைக்கழகத்தில் நெரெய்தாவின் வகுப்பிலேயே சேர்ந்தவள். பேராசிரியர்தான் துணைக்கு அனுப்பியிருந்தார். அடுத்த வாரமே படம் காட்டும் கருவியை மூட்டை கட்டி மூலையில் வைத்தாள். நாற்காலிகளை வயல் வரிசை மாதிரி நீளமாகப் போட்டாள். எவனுடையதோ ஒரு கௌபாய் தொப்பியை மாட்டிக்கொண்டு, தொந்தியைத் தள்ளி, தானே கங்காணி ஆனாள்.

"ஏய், என்ன, எறும்பு கூட உங்களவிட வேகமாப் பறிக்கும்! தண்ணி வேணுமா? ராத்திரி பூரா மழை பெஞ்சுதே, அப்ப வாயத் தொறந்து வச்சிருக்க வேண்டியதுதானே!"

அவளுடைய அர்ஜென்டினா உச்சரிப்பில் கங்காணி பேசியதைக் கேட்டே பாதிச் சிரிப்பு. ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள், "இவன்கிட்ட யார் என்ன பதில் சொல்லப் போறீங்க?" என்று கேட்டு நிறுத்துவாள். பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு எழுந்து பதில் சொன்னார்கள். நெரெய்தா படம் போட்டு விளக்கிய அதே சட்டங்கள், இப்போது அவர்கள் வாயிலிருந்தே வந்தன. மண்டபம் நிரம்பியது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள்.

நல்லது நடக்கிறது என்பது நெரெய்தாவுக்குத் தெரியும். அதுதான் அவளை இன்னும் அறுத்தது. ரொமினா சோம்பேறியாகவோ கர்வியாகவோ இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அவளோ கூட்டம் முடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்ட வருவாள்.

வெளியில் நடந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரொமினா சாப்பிட வருவது வழக்கமாகிப்போனது. அவளுக்குக் காரம் ஆகாது. அதற்காக அம்மா தனியாக ஒரு சின்னச் சட்டியில் மிளகாய் போடாத குழம்பு வைத்தாள். சின்ன வயதில் நெரெய்தா காரம் தாங்காமல் அழுதபோது, "தண்ணியக் குடி, பழகிக்கோ" என்றவள் இதே அம்மாதான்.

"அவளுக்கு மட்டும் தனிச் சட்டியா?" என்று ஒருநாள் நெரெய்தா கேட்டேவிட்டாள்.

"பாவம், தாய விட்டுட்டு வந்த பொண்ணு."

"நான் மட்டும் என்ன, தாயக் கூடவே வச்சுக்கிட்டு என்னத்தக் கண்டேன்?"

அம்மா கரண்டியைக் கீழே வைக்காமல் திரும்பிப் பார்த்தாள். "என்னடி பேச்சு இது?"

"ஒண்ணுமில்ல. ஜோக்கு."

அம்மா ரொமினாவோடு சிரித்துப் பேசினாள். தன் ஊர்க் குளத்தைப் பற்றியும், பள்ளிக்கூடத்தில் தான் ஆடிய நடனத்தைப் பற்றியும் சொன்னாள். அம்மா ஆடுவாள் என்பதே நெரெய்தாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரொமினா கேட்கிற கேள்வி ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடமிருந்து ஒரு கதை வந்தது. நெரெய்தா கேட்டால் "அதெல்லாம் பழைய கத, விடு" என்பதோடு முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, துணி துவைக்கிற கடைக்கு அம்மாவைக் கூப்பிட்டு வரப் போனாள் நெரெய்தா. துணி உலர்ந்து கூடையில் மடித்து வைத்திருந்தது, அம்மாவைக் காணவில்லை. வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் ரொமினாவின் பழைய கார். கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே அம்மா கையை அசைத்து அசைத்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரொமினா வாயே திறக்கவில்லை. நெரெய்தா கிட்டே போனதும் அம்மாவின் கைகள் மடிக்கு இறங்கிவிட்டன. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கினாள்.

"என்னம்மா பேசிட்டிருந்தீங்க?"

"அவ ஊர்க் கத சொல்லிட்டிருந்தா."

"நீதானே பேசிட்டிருந்த?"

"கூடைய எடு, நேரமாச்சு."

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் ரொமினாவைத் தனியாக மடக்கினாள். "எங்கம்மா உங்கிட்ட என்ன சொன்னா?"

ரொமினா கொஞ்சம் யோசித்தாள். "அத நீ அவங்ககிட்டதான் கேக்கணும், நெரி."

நெரி என்று கூப்பிட்டது அம்மா மட்டும்தான். அந்தப் பெயரையும் இவள் எடுத்துக்கொண்டாள். நெரெய்தாவுக்கு நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்துப் பூசியது போலிருந்தது. அம்மாவிடம் அவள் அறியாத ஓர் அறை இருக்கிறது, அதன் சாவி நேற்று வந்த ஒருத்தியின் கையில் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டே இருந்தாள். பாடம் மண்டையில் ஏறவில்லை.

அந்த வாரமே அவள் பேராசிரியர் அர்ரியாகாவின் அறைக்குப் போனாள்.

"ஐயா, ரொமினாவப் பத்திதான். எனக்குக் கவலையா இருக்கு."

சொன்னதில் ஒரு பொய் கிடையாது. ரொமினா கங்காணி வேஷம் போட்டதை யாரோ படம் பிடித்து இணையத்தில் போட, அது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே கண்டவர்களும் கண்டபடி எழுதியிருந்தார்கள். 'இவளைத் திருப்பி அனுப்பு' என்றும் இருந்தது. விசாவில் இருக்கிறவள், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? இதைத்தான் நெரெய்தா சொன்னாள். குரலில் அக்கறையைத் தவிர எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ சொன்னது நல்லதாப் போச்சு. கொஞ்ச நாளைக்கு அவ இங்கயே இருந்து துண்டுப் பிரசுரங்களப் பாத்துக்கட்டும். வாட்சன்வில்லுக்குப் போக வேண்டாம்."

படியிறங்கும்போது நெரெய்தாவுக்கு உடம்பு லேசாக இருந்தது. அவள் நன்மைக்குத்தானே செய்தோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது முறை சொல்லும்போது அது அவ்வளவாக ஒட்டவில்லை.

வியாழக்கிழமை வந்தது. மண்டபம் வழக்கம்போல் நிரம்பியது. ரொமினா வரமாட்டாள் என்று தெரிந்ததும் முணுமுணுப்பு எழுந்தது. நெரெய்தா விடவில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். அலமாரியிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்து மாட்டினாள். பறிக்கிற பெண்ணாக நடிக்க யாராவது வேண்டும்.

"அம்மா, நீ வா."

"நான் எதுக்குடி? தோமாசாவக் கூப்பிடு."

"ரொமினா கூப்பிட்டா மட்டும் வருவியா?"

அத்தனை பேர் முன்னால் மகள் இப்படிக் கேட்டதும் அம்மா எழுந்து வந்தாள். வரிசைக்கு நடுவில், எத்தனையோ வருஷமாகக் குனிகிற மாதிரியே குனிந்தாள். நெரெய்தா தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். ரொமினா சொன்ன வசனங்களையே சொன்னாள், ஒருவரும் சிரிக்கவில்லை. காது மடல் சூடேறியது. எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று, பின்னாலிருந்து வந்து அம்மாவின் இடுப்பில் கையை வைத்தாள். காதருகே குனிந்து, ஆண் குரலில், "என்ன அம்பாரோ, எனக்கு ஒரு சிரிப்புக் கெடையாதா?" என்றாள்.

அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. திரும்பி மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வை மகளைப் பார்க்கிற பார்வையாக இல்லை. தொப்பியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் தொப்பியைப் பார்த்தாள். பிறகு கைப்பையைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தாள்.

தோமாசா நெரெய்தாவிடம் வந்து தொப்பியைக் கழற்றி எடுத்தாள். "போதும் மிஹா. போய் அவளப் பாரு," என்றாள். இந்த முறை கேலி இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுக்களையில் சமையலுக்குக் கள்ளி மடல்களை வைத்துக்கொண்டு, கத்தியால் முள்ளைச் சீவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அம்மா, நான் தெரியாம..."

"ரொமினாவ ஏன் நிறுத்தினாங்க?"

"அவ பாதுகாப்புக்குத்தான்."

"வர்ற செவ்வாக்கெழம எனக்குத் தொழிலாளர் ஆபீசுல ஒரு வேல இருக்கு. அவ கூட வர்றேன்னு சொல்லியிருந்தா." அம்மா இன்னொரு மடலை எடுத்தாள். "எவரிஸ்தோவப் பத்திச் சொல்லப் போறேன்."

எவரிஸ்தோ அம்மா வேலை செய்யும் பண்ணையின் கங்காணி. நெரெய்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறான். அவனுடைய வெள்ளை வண்டியும், தலையை விட்டு இறங்காத தொப்பியும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன.

"என்னம்மா பண்ணான்?"

"ஒஹாக்கா மலைப்பக்கத்துலேருந்து புதுசா வந்திருக்காளே லூசெரோ, அவங்க ஊர்ப் பாஷையத் தவிர இன்னும் சரியா ஸ்பானிஷ்கூடப் பேச வராத பொண்ணு. அவள வண்டிக்குப் பின்னால கூப்பிடறான். அவ வெளிய வந்தப்ப அவ மூஞ்சியப் பாத்தேன். அந்த மூஞ்சி எனக்குத் தெரியும்." அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அவ ஒருத்தி சொன்னா நம்ப மாட்டாங்க. பழைய ஆளு ஒருத்தியும் சொல்லணும்."

"நான் வரேம்மா. நான் கூட இருக்கேன். நான் படிச்சதே இதுக்குத்தானே."

"வேண்டாம்."

"நான் உன் பொண்ணும்மா!"

"அதனாலதான்டி வேண்டாங்கறேன்!" அம்மா முதல்முறையாகத் திரும்பினாள். "அந்த ஆள் என்ன பண்ணான், எத்தன வருஷம் நான் வாயப் பொத்திக்கிட்டிருந்தேன், அதெல்லாத்தையும் நான் சொல்லியாகணும். ஒண்ணு விடாமச் சொல்லணுமாம். அத நீ கேட்டுட்டா, மறுநாள் காலைல நான் உனக்கு எப்படி முட்ட பொரிச்சுப் போடுவேன்? உன் கண்ணுல அது தெரிஞ்சுக்கிட்டே இருக்காதா? அவ நாளைக்கு அவ ஊருக்குப் போயிடுவா. அவகிட்டச் சொல்றது கெணத்துல போட்ட மாதிரி. உங்கிட்டச் சொன்னா, இந்த வீட்டுக்குள்ளயே போட்டு வச்ச மாதிரி."

மகள் அழுதாள். அம்மா கை கழுவிவிட்டு வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் நெரெய்தா மலைமேல் போனாள். ரொமினா துண்டுப் பிரசுரக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் பேராசிரியர்கிட்டச் சொன்னேன்."

"தெரியும். 'உன் சிநேகிதி ரொம்பக் கவலப்படறா'ன்னு அவரே சொன்னாரு." ரொமினா நிமிரவில்லை. "கவலன்னா எங்கிட்ட வந்து சொல்லியிருப்ப."

"பொறாம. எங்கம்மா உங்கூட..."

"பொறாமப்படு, யாரு வேண்டாங்கறா?" ரொமினா எழுந்தாள். அவள் கோபப்பட்டு நெரெய்தா பார்த்ததே இல்லை. "என் ஆடைய எடுத்து வெட்டு, என் காபில உப்பப் போடு. அதவிட்டுட்டு என் விசாவ எடுத்துக்கிட்டுப் பெரியவங்ககிட்டப் போனியே, அது வெளையாடற சாமானா? நாளைக்கு யாராவது நெஜமாவே பயந்து என்னை ஊருக்கு அனுப்பியிருந்தா? நீ இங்க பொறந்தவ. உனக்கு அந்த பயம் தெரியாது."

நெரெய்தா தரையில் உட்கார்ந்து பிரசுரங்களைக் கட்டத் தொடங்கினாள்.

"செவ்வாக்கெழம நான் வரேன்," என்றாள் ரொமினா கடைசியில். "பேராசிரியர்கிட்ட நான் பேசிக்கறேன். உனக்காகன்னு மட்டும் நெனச்சுக்காத."

செவ்வாய்க்கிழமை காலை, பனிமூட்டம் கலையுமுன் கிளம்பினார்கள். வண்டி ஓட்டியது நெரெய்தா. அம்மா முன் இருக்கைக் கதவைத் திறந்தவள், கொஞ்சம் தயங்கிவிட்டு, பின்னால் ரொமினாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அலுவலகம் இருந்த சலினாஸ் வரைக்கும் இரண்டு பக்கமும் வயல். குனிந்த முதுகுகள் வரிசை வரிசையாக நகர்ந்தன. கண்ணாடியில் பார்த்தபோது அம்மாவின் கை ரொமினாவின் கைக்குள் இருந்தது. நெரெய்தா பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டாள்.

அலுவலகத்தில் இருந்த பெண் அன்பாகப் பேசினாள். கூட ஒருவர் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றாள். அம்மா ரொமினாவைக் காட்டினாள்.

"அப்ப இவங்க?" என்று நெரெய்தாவைப் பார்த்துக் கேட்டாள் அந்தப் பெண்.

"வண்டி ஓட்டிட்டு வந்தவ," என்றாள் நெரெய்தா.

அம்மா அறை வாசலில் நின்று திரும்பினாள். "என் மக. மனித உரிம படிக்கிறா," என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சுவர் மெல்லிய பலகை. நெரெய்தா சுவரோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் அந்தப் பெண்ணின் குரல், பிறகு அம்மாவின் குரல். ஆரம்பத்தில் ஓட்டமில்லாமல், பிறகு தொடர்ச்சியாக. காதை இன்னும் கொஞ்சம் சாய்த்தால் வார்த்தைகள் விளங்கிவிடும். அத்தனை நாளாக அவளைத் தூங்கவிடாமல் செய்த அந்த ரகசியம் ஒரு பலகைக்கு அந்தப்பக்கம் இருந்தது. ரொமினாவுக்குத் தெரிந்தது தனக்கும் தெரிந்துவிடும், ஒட்டுக்கேட்டது அம்மாவுக்குத் தெரியவே போவதில்லை. உட்கார்ந்தபடியே உடம்பு சுவர்ப்பக்கம் சாய்ந்தது. 'வண்டிக்குப் பின்னால' என்ற சொல் காதில் விழுந்தது.

நெரெய்தா எழுந்தாள். வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு போய், வண்டிகளுக்கு நடுவில், எதுவும் கேட்காத தூரத்தில் நின்றாள். அங்கே நின்றுகொண்டும் பொறாமைப்பட்டாள். உள்ளே அம்மாவுக்கு யார் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள், யார் முதுகைத் தடவுவார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஆனாலும் உள்ளே திரும்பிப் போகவில்லை.

வெயில் வந்து பனியெல்லாம் போன பிறகுதான் அவர்கள் வெளியே வந்தார்கள். அம்மாவின் கண் சிவந்திருந்தது. நடை மட்டும் நேராக இருந்தது. "பசிக்குதுடி," என்றாள்.

அந்தப் புகாரோடு லூசெரோவும், தோமாசாவும், இன்னும் சிலரும் சேர்ந்து சொன்னார்கள். விசாரணை இழுத்துக்கொண்டுதான் போனது. முதலில் எவரிஸ்தோவை வேறு வயலுக்கு மாற்றிக் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தது பண்ணை. பெண்கள் அந்த வயலுக்கும் போய்ச் சொல்லிவைத்தார்கள். பருவம் முடிவதற்குள் அவன் வேலையை விட்டு விலக்கப்பட்டான். வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. ரொமினா மறுபடி வியாழக்கிழமைகளில் வந்தாள், ஆனால் யாரும் படம் பிடிக்கக் கூடாது என்று தோமாசா வாசலில் நின்று மிரட்டித்தான் எல்லாரையும் உள்ளே விடுவாள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குத் திரும்பும் வழியில், சாப்பிட்ட களைப்பில் அம்மா பின் இருக்கையில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனாள். ரொமினா முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள என்ன நடந்ததுன்னு கேக்க மாட்டியா?" என்றாள் ரொமினா.

"மாட்டேன்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"தெரியும்." நெரெய்தா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கினாள். "உம்மேல எனக்கு இன்னும் பொறாமதான். இப்பக்கூட. கொறையவே இல்ல."

ரொமினா ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்தாள். கோபம் முழுக்கப் போயிருக்கவில்லை என்பது தாடையில் தெரிந்தது.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். "ரோட்டப் பாத்து ஓட்டு. மெதுவாப் போ, அவங்க தூங்கட்டும்."

நெரெய்தா வேகத்தைக் குறைத்தாள்.